ஊத்தங்கரையிலிருந்து ஓராண்டு தாமதமான ஒரு நன்றி மடல்

ஊத்தங்கரையிலும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலும் வாழும் பெரியோர்களுக்கும், பிழைப்புக்காகப் பெங்களூரிலும் திருப்பூரிலும் தங்கியிருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கும், எங்கள் தெருவார் அனைவரின் சார்பிலும் வணக்கம்.

2024 டிசம்பரில் நீங்கள் செய்த உதவிக்கு இந்த மடலை அப்போதே எழுதியிருக்க வேண்டும். எழுத உட்கார்ந்த போதெல்லாம் கணக்கு நோட்டில் புதிதாக ஒரு வரி சேர்ந்துகொண்டே இருந்தது. கணக்கை முடிக்காமல் நன்றி சொல்வது முறையல்ல என்று நானும் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். அந்த நோட்டு ஏன் அத்தனை நாள் நீண்டது என்பதையும் சேர்த்துச் சொல்வதற்காகவே இம்மடலை எழுதுகிறேன்.

நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல், கடலுக்கு இவ்வளவு தொலைவில் இருக்கும் நம்மை என்ன செய்துவிடும் என்றுதான் எல்லோரும் இருந்தோம். வலுக்குறைந்து மேற்கே நகர்ந்த அது நம் தலைக்கு மேல் வந்து கொட்டித் தீர்த்தது. டிசம்பர் 2 காலை 8.30 மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பதிவான மழை 50 சென்டிமீட்டர். ஓர் ஆண்டு முழுவதும் நம் மாவட்டத்துக்குக் கிடைக்கும் மழையில் பாதிக்கும் மேல். ஏரி நிரம்பாதா என்று ஏங்கியே பழகிய ஊர் இது. அந்த ஏரி நிறைந்து வழிந்து, சாலையோரம் நின்ற வேன்களையும் கார்களையும் இழுத்துச் சென்றதை நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. தாழ்வான தெருக்களில் அரிசிப் பானைக்குள் சேறு புகுந்ததும், குடும்ப அட்டையும் நிலப் பட்டாவும் ஊறிக் கூழானதும் அந்தப் படங்களில் வரவில்லை.

முதல் நாள் இரவே தம் திருமண மண்டபத்தின் சமையற்கட்டைத் திறந்துவிட்டு, வாடகை என்ற சொல்லையே எடுக்கக் கூடாது என்று சொல்லிச் சென்ற உரிமையாளருக்கு முதல் நன்றி. பள்ளிவாசல் ஜமாத்தார் இரண்டு தேக்சாக்களையும் விறகையும் தந்தார்கள்; மாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு வாங்கி வைத்த தார்ப்பாய்கள் மேற்கூரை இழந்த வீடுகளுக்குப் போயின. தம் குட்டி யானை வண்டியில் மூன்று நாட்கள் ஓயாமல் ஓடிய தம்பி, டீசல் காசைக்கூட வாங்க மறுத்தார். அரூர் நண்பர்களுக்கு நாங்கள் பட்டிருக்கும் கடன் தனி. அதே நாளில் அங்கும் 33 சென்டிமீட்டர் மழை பெய்து அவர்கள் வீடுகளிலும் தண்ணீர் நின்றது; இருந்தும் சாலை திறந்ததும் போர்வைக் கட்டுகளோடு வந்து இறங்கினார்கள்.

மூன்றாம் நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். இரண்டு நாட்களாகச் சாம்பார் சாதமும் தக்காளிச் சாதமும் பொட்டலங்களாகப் போய்க்கொண்டிருந்தன. ஒரு முதியவர் பொட்டலத்தைக் கையில் வாங்கி, மரியாதைக்கு இரண்டு வாய் உண்டுவிட்டு வைத்துவிட்டார். என்ன ஏது என்று நயமாக விசாரித்தபோது, "களி இருந்தா ஒரு உருண்டை போதும் சாமி" என்றார். அடுத்த தெருப் பெண்கள் எட்டுப் பேர் அன்று மாலையே கேழ்வரகு மாவைத் தம் வீடுகளிலிருந்து கொண்டுவந்து, பெரிய அண்டாவில் களி கிண்டி, அவரைக்கொட்டைக் குழம்போடு உருண்டை உருண்டையாக அனுப்பினார்கள். பொட்டலம் எதுவும் அன்று திரும்பி வரவில்லை. என்ன வேண்டும் என்று கேட்டுக் கொடுக்கும் பழக்கம் எங்கள் குழுவுக்கு வந்தது அன்றைக்குத்தான்; அதற்கு முன் எங்களிடம் இருந்ததைத்தான் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அப்படிக் கேட்கத் தொடங்கிய பிறகு பட்டியல் மாறியது. பெண்களுக்கு வேண்டிய நாப்கின், சர்க்கரை நோய்க்கான மாத்திரை, அரைஞாண் கயிறு, சேறு அள்ள மண்வெட்டி, பரீட்சை எழுத ஜாமெட்ரி பாக்ஸ் என்று நாங்கள் நினைத்தே பார்க்காத பொருள்கள் அதில் ஏறின. இ-சேவை மையம் நடத்தும் தங்கை, ஆதாருக்கும் குடும்ப அட்டைக்கும் நகல் விண்ணப்பங்களைக் காசு வாங்காமல் இரவு பத்து மணி வரை உட்கார்ந்து பதிவுசெய்தார். திருப்பூர்ப் பிள்ளைகள் மூட்டையாக அனுப்பிய புதிய பனியன்களும் உள்ளாடைகளும் வந்த அன்றே தீர்ந்தன. அதே வாரம் வேறோரிடத்திலிருந்து வந்த பழைய துணி மூட்டைகளில் பாதி, கிழிந்தவையும் துவைக்காதவையும். அவற்றைப் பிரித்து ஒதுக்குவதற்கே நான்கு பேருக்கு ஒரு பகல் போயிற்று. கொடுத்தவர்கள் மனம் நோகக் கூடாதென்று இதுவரை வெளியே சொல்லவில்லை. நாம் உடுத்தத் தயங்கும் துணியை இன்னொருவருக்குக் கட்டி அனுப்ப வேண்டாம் என்று அடுத்த முறைக்காகக் கேட்டுக்கொள்கிறேன். வாங்குவோரை வரிசையில் நிறுத்திப் படம் எடுத்தால்தான் பொருள் தர முடியும் என்ற ஒரு குழுவினரிடம் கைகூப்பி மறுத்துவிட்டோம். அதில் எங்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருந்தது. நான் மறுப்பின் பக்கம்தான் இருந்தேன், இன்றும் இருக்கிறேன்.

இனி நோட்டுக்கு வருகிறேன். யார் எதைக் கொடுத்தார், எந்த வீட்டுக்கு எது போயிற்று என்று இரண்டு பக்கமாகக் கோடு போட்டு எழுதி வந்தேன். வீட்டுவாசலில் இட்லிக்கடை போட்டிருந்த அம்மா ஒருவர், தமக்குக் கிடைத்த அரிசி 10 கிலோ, அடுப்பு ஒன்று என்று நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "இதை மொய்யா எழுதிக்கங்க சார், நான் திருப்பிச் செய்யணும்" என்றார். தானம் வாங்கினேன் என்ற பேச்சு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கல்யாண வீட்டில் எழுதுவதைப் போலப் பெயர், தெரு, பொருள் என்று வரிசையாக எழுதிக் காட்டினேன். மறுநாள் முதல் மற்றவர்களும் அப்படியே எழுதச் சொன்னார்கள். உதவி வேண்டாம் என்று கதவுக்குப் பின்னால் நின்றவர்கள்கூட அதன் பிறகுதான் வெளியே வந்தார்கள்.

மொய்யைத் திருப்பிச் செய்யும்போது வாங்கியதைவிட ஒரு ரூபாயாவது கூட்டிச் செய்வது நம் பக்கத்து வழக்கம். தை பிறந்ததும் இட்லிக்கடை அம்மா 11 கிலோ அரிசியோடு வந்து நின்றார். வெறும் பேச்சுக்குச் சொன்னார் என்று எண்ணியிருந்த நான் வெட்கப்பட்டேன். அறுவடை முடித்த ஒருவர் கேழ்வரகு மூட்டை கொண்டுவந்தார். கொத்தனார் ஒருவர், பொருளாகத் தர இயலவில்லை என்று சொல்லி, வேறொருவர் வீட்டுச் சுவரை இரண்டு நாள் கூலியில்லாமல் பூசிக் கொடுத்தார். வரவு வந்தால் செலவும் எழுத வேண்டுமல்லவா? ஜூனில் பள்ளி திறந்தபோது பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகங்கள், ரத்தச் சுத்திகரிப்புக்காகக் கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்வரும் ஒருவருக்குப் பேருந்துச் செலவு, துணையில்லாத இரண்டு பாட்டிமார்களுக்கு மாத மளிகை என்று அது போய்க்கொண்டே இருந்தது. ஆகவே உங்களில் யாருடைய போர்வை, யாருடைய கூகுள் பே ஆயிரம் ரூபாய், இன்று எந்த வடிவில் யார் வீட்டில் இருக்கிறது என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

பெயர் எழுத வேண்டாம் என்று சொல்லிக் கொடுத்தவர்கள் பலர். அவர்கள் வரியில் "ஊரார்" என்று மட்டும் இருக்கிறது. அவர்களுக்கும் இந்த நன்றி போய்ச் சேரட்டும்.

முதல் நோட்டு கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டது. இரண்டாம் நோட்டு வாங்கியாயிற்று. யாரும் எப்போதும் வந்து பார்க்கும்படி இரண்டும் தெருமுனைத் தையற்கடையில் இருக்கும். கடைசியாக ஒன்று: களி கிண்டிய அன்று வந்த பாத்திரங்களில், அடியில் "மு.ச." என்று எழுத்து வெட்டிய பித்தளை அன்னக்கூடை ஒன்று இன்னும் எங்களிடமே இருக்கிறது. இரண்டு தெருக்களில் விசாரித்தும் உரியவர் கிடைக்கவில்லை. புளி போட்டுத் தேய்த்து வைத்திருக்கிறோம். அருள்கூர்ந்து வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

நன்றியுடன்,
நோட்டு எழுதும் ஓய்வுபெற்ற ஆசிரியன்,
தெருவார் அனைவருக்காகவும்