புகார்: பேட்ச் எண்ணைத் தொலைக்கும் உங்கள் கிடங்கு மென்பொருள்

சுங்கை சிப்புட், பேராக்
12 ஜனவரி 2026

நிர்வாக இயக்குநர் அவர்களுக்கு,

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

பொருள்: பேட்ச் எண்ணும் காலாவதித் தேதியும் குழம்பியதால் நேர்ந்த இழப்பு, செலுத்திய தொகையைத் திருப்பிக் கோருதல்

உங்கள் நிறுவனத்துக்கு நான் எழுதும் பன்னிரண்டாவது கடிதம் இது. முதல் ஏழு மலாயில், அடுத்த நான்கு ஆங்கிலத்தில், எல்லாம் மின்னஞ்சலாகப் போயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு புகார் எண் வந்தது. குறையைத் தீர்க்கும் பதில் வரவில்லை. சென்ற ஆண்டு மார்ச் மாதம் உங்கள் விற்பனையாளர் என் கடைக்கு வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போன விளம்பரத் தாளில் 'தமிழிலும் சேவை உண்டு' என்று அச்சடித்திருந்தீர்கள். அதை நம்பி இந்த முறை தமிழில் எழுதுகிறேன். பதிலும் தமிழில், உங்கள் கையொப்பத்தோடு வர வேண்டும்.

என் தந்தை 1981இல் தொடங்கிய மொத்த மளிகைக் கடை என்னுடையது. லிந்தாங், லாசா வரை தோட்டங்களிலும் கம்பத்துக் கிராமங்களிலும் இருக்கும் 41 சில்லறைக் கடைகளுக்கு எங்கள் லோரிதான் அரிசி, மாவு, நெய், பால்மா எல்லாம் கொண்டுபோகிறது. 2024 ஆகஸ்டில் ஆண்டு விற்றுமுதல் 100 மில்லியன் வெள்ளியை (ரிங்கிட்டை) தாண்டிய நிறுவனங்களோடு அரசாங்கத்தின் மின் விலைப்பட்டியல் முறை (e-Invoice) தொடங்கியதைக் காட்டி, "நாளை உங்களுக்கும் வரும், இப்போதே தயாராகுங்கள்" என்று உங்கள் விற்பனையாளர் அவசரப்படுத்தினார். அதற்காக மட்டும் என்றால் நான் வாங்கியிருக்க மாட்டேன். காலாவதி நெருங்கும் சரக்கு முதலில் வெளியே போகும், எந்த பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரான எந்தச் சரக்குத் தொகுதி, எந்தக் கடைக்குப் போனது என்பதை ஒரு நொடியில் காட்டும் என்று அவர் சொன்னாரே, அதற்காகத்தான் 8,600 வெள்ளி கொடுத்தேன். பராமரிப்புக்கென்று தனியாக 1,200 வெள்ளி.

பேட்ச் எண் எதற்கு என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதை விற்றுத்தான் நீங்கள் பிழைக்கிறீர்கள். அப்படியிருக்க, பெட்டியைப் பிரித்து டின்னாக மாற்றும் அந்தத் திரையில், சரி என்று அழுத்தியவுடன் பேட்ச் எண் மறைந்து 'பொது' என்று விழுவது உங்களுக்கு எப்படித் தெரியாமல் போனது? தோட்டக் கடைக்காரர்கள் பால்மாவைப் பெட்டி பெட்டியாக வாங்குவதில்லை. இரண்டு டின், மூன்று டின் என்றுதான் கேட்பார்கள். என் கிடங்கில் நாளுக்கு முப்பது முறை அந்தத் திரை திறக்கிறது. முப்பது முறையும் எண் தொலைகிறது.

நவம்பர் 14ஆம் தேதி காலை, பால்மா விநியோகிப்பாளரிடமிருந்து அவசரக் கடிதம் வந்தது. குழந்தைகளுக்கான பால்மாவில் குறிப்பிட்ட ஒரு பேட்ச்சின் மூடி அடைப்பில் குறை இருக்கிறது, உடனே விற்பனையை நிறுத்தித் திரும்ப எடுக்கவும் என்று எழுதியிருந்தார்கள். அந்த பேட்ச்சில் எனக்கு வந்தவை எட்டுப் பெட்டிகள், 96 டின்கள். எல்லாமே போய்விட்டன. எங்கே போயின என்று உங்கள் மென்பொருளைக் கேட்டேன். 'பொது, 96, விற்பனையானது' என்றது. கடைப் பெயர்களில் அந்த மாதம் பால்மா வாங்கிய அனைவரும் இருந்தார்கள். குறை இருந்த பேட்ச்சும் மற்ற பேட்ச்சும் ஒரே வரிசையில் கலந்து கிடந்தன.

2008இல் சீனாவில் பால்மாவில் மெலமின் கலந்து குழந்தைகள் இறந்தபோது என் தந்தை உயிரோடு இருந்தார். எங்கள் கடையில் சீனச் சரக்கு எதுவும் இல்லை. ஆனாலும் அவர் ஒவ்வொரு டின்னாகத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தார். அன்று எனக்கு அது தேவையில்லாத வேலையாகத் தோன்றியது. நவம்பர் 14க்குப் பிறகு அப்படித் தோன்றவில்லை.

அன்று காலை பத்து மணிக்கு உங்கள் சேவைப் பிரிவைக் கூப்பிட்டேன். இளைஞர் ஒருவர் எடுத்தார். அவர் பெயரை இங்கே எழுதவில்லை. உங்கள் பதிவில் இருக்கும், எடுத்துக் கேளுங்கள். என் ஸ்டோர் கிராணியும் (குமாஸ்தா) லோரி ஓட்டுநரும் பக்கத்தில் நின்றதால் கைப்பேசியை ஒலிபெருக்கியில் வைத்திருந்தேன். குழந்தைகளின் பால்மா ஐயா, எந்தக் கடை என்று மட்டும் எடுத்துக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் சொன்னது இது: "அங்கிள், எண்ணிக்கை சரியாகத்தானே காட்டுகிறது? மென்பொருளில் குறை இல்லை. கணினி தெரியாதவர்கள் வாங்கினால் இப்படித்தான் ஆகும்." சொல்லிவிட்டுத் தொடர்பைத் துண்டித்துவிட்டார்.

இருபது ஆண்டுகளாக என்னிடம் வேலை செய்யும் இருவர் முன்னால் அதைக் கேட்டேன். அவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு வயது 58. என் மகன் வயதுகூட இராத ஒருவர் அப்படிப் பேச உங்கள் அலுவலகத்தில் யார் அனுமதி கொடுத்தது?

அந்த 96 டின்களைத் தேடிக் கண்டுபிடிக்க உதவியது உங்கள் மென்பொருளன்று. எங்கள் ஓட்டுநர் இன்னமும் சட்டைப் பையில் ஒரு 555 புத்தகம், அந்தச் சின்னக் குறிப்புப் புத்தகம், வைத்திருக்கிறார். எந்தக் கடையில் எத்தனை டின் இறக்கினார் என்று பேனாவால் எழுதுவது அவர் பழக்கம். அதைக் கையில் வைத்துக்கொண்டு மூன்று நாள் மழையில் லோரியை ஓட்டினோம். கடை கடையாக இறங்கி அலமாரியில் இருந்த டின்களைக் கவிழ்த்துப் பார்த்தோம். 83 கிடைத்தன. மீதி 13 விற்றுப்போயிருந்தன. வாங்கியவர் யார் என்று சில கடைக்காரர்களுக்கு நினைவிருந்தது, சிலருக்கு இல்லை. தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளில் கதவைத் தட்டி, கைக்குழந்தையோடு வந்து நின்ற தாய்மாரிடம் அந்த டின்னைக் கேட்ட என் நிலையை நீங்கள் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நல்ல வேளையாக எந்தக் குழந்தைக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆகியிருந்தால் இந்தக் கடிதத்தை நான் உங்களுக்கு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன், போலீசுக்கு எழுதியிருப்பேன்.

தேதி விஷயத்துக்கு வருகிறேன். இது செப்டம்பரில் நடந்தது, முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டக் கடை நடத்தும் ஓர் அக்கா, என் தந்தை காலத்திலிருந்து எங்களிடம் சரக்கு எடுப்பவர், கைப்பேசியில் அழைத்து, "தம்பி, எனக்கா இந்தச் சாந்தானை அனுப்பினீர்கள்?" என்று கேட்டார். தேங்காய்ப்பால் பொட்டலங்கள் உப்பிப்போயிருந்தன. அவற்றில் இருந்த தேதி 12/08/2025. உங்கள் மென்பொருளில் அதே சரக்கு 8 டிசம்பர் 2025 என்று இருந்தது. தட்டச்சில் நான் பிழை செய்ததாக உங்கள் ஆட்கள் சொன்னார்கள். என் பிழைதானோ என்று நினைத்து அந்த ஒரு சரக்கைத் திருத்திவிட்டு அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன். காலாவதியான உணவை விற்பது 1985ஆம் ஆண்டு உணவு விதிமுறைகளின்படி குற்றம். சுகாதார அதிகாரி வந்திருந்தால் தண்டம் கட்டுவது அந்த அக்கா, நீங்கள் அல்ல.

தீபாவளி முடிந்து ஒரு வாரம் கழித்துக் கிடங்கைச் சுத்தம் செய்தபோதுதான் உண்மை தெரிந்தது. கழிவுச் சரக்கு அடுக்கில் 22 பெட்டி நெய் இருந்தது. மென்பொருள் அதை ஜூலை 11இல் காலாவதி என்று பூட்டிவிட்டதால் பையன்கள் ஒதுக்கி வைத்திருந்தார்கள். பெட்டியில் இருந்த தேதி 07/11/2025, அதாவது நவம்பர் 7. தீபாவளிக்கு ஊரே நெய் கேட்டபோது, என் நெய் கழிவு அடுக்கில் கிடந்தது. நான் ஈப்போவில் கூடுதல் விலை கொடுத்து வேறு நெய் வாங்கினேன். கண்டுபிடித்தபோது பத்து நாள்தான் மிச்சம். பத்து நாள் ஆயுள் உள்ள நெய்யை யார் வாங்குவார்கள்?

பெட்டியைத் திருப்பிப் பார்த்திருக்கலாமே என்று அதே இளைஞர் கேட்டார். ஆம், நவம்பர் 14இல் பேசிய அவரேதான். ஒவ்வொரு பெட்டியாகத் திருப்பிப் பார்ப்பதென்றால் எனக்கு 8,600 வெள்ளி மென்பொருள் எதற்கு ஐயா?

என் மகள்தான் உட்கார்ந்து பார்த்துச் சொன்னாள். நான் கொடுத்த பட்டியலை நீங்கள் ஏற்றும்போது உங்கள் மென்பொருள் மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் வைத்துப் படிக்கிறது. மலேசியாவில் நாள், மாதம், ஆண்டு என்றுதான் எழுதுவோம். சரக்கில் அச்சிடுவதும் அப்படித்தான். 25/09 என்று இருந்தால் இருபத்தைந்தாவது மாதம் கிடையாது என்பதால் அது சரியாக ஏறிவிடுகிறது. நாள் 12க்குள் இருந்தால் மட்டும் இடம் மாறிவிடுகிறது. அதனால்தான் பாதிச் சரக்கு சரியாகவும் பாதி தவறாகவும் தெரிந்தது. "பாதி சரியாக இருக்கிறது என்றால் மென்பொருள் சரி, மீதி உங்கள் பிழை" என்று நீங்கள் இத்தனை மாதம் சொன்னதும் அதனால்தான். கல்லூரியில் படிக்கும் பெண் ஒரு மாலையில் கண்டுபிடித்ததை, இதைச் செய்து விற்பவர்கள் ஆறு மாதம் பார்க்கவில்லை.

அவள் எழுதிக் கொடுத்ததை அப்படியே உங்களுக்கு அனுப்பினேன். வந்த பதில்: கணினியை நேரில் கொண்டு வாருங்கள், டிசம்பர் 3, காலை ஒன்பது மணி. கடையைப் பூட்டிவிட்டு விடியற்காலை ஐந்து மணிக்குக் கிளம்பினேன். கணினியைக் காரின் பின் இருக்கையில் தலையணை வைத்துக் கட்டிக்கொண்டு பெட்டாலிங் ஜெயா வந்து சேர்ந்தேன். உங்கள் வரவேற்பு மேசையில் இருந்த பெண், அந்தப் புகார் எண் முதல் நாள் இரவே 'தீர்க்கப்பட்டது' என்று மூடப்பட்டுவிட்டது, புதிய எண் எடுத்தால் மூன்று வேலைநாள் ஆகும் என்றார். அவர் மரியாதையாகத்தான் பேசினார், அவர்மேல் குறையில்லை. பதினொன்றரை வரை உட்கார்ந்தேன். கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் ஆட்கள் நடமாடினார்கள், ஒருவரும் வெளியே வரவில்லை. போக வர நானூறு கிலோமீட்டருக்கு மேல், சாலைக் கட்டணம், எண்ணெய், ஒரு நாள் வியாபாரம். கணினியின் மூடியைக்கூட யாரும் திறக்கவில்லை. தாப்பா ஓய்வு நிலையத்தில் காரை நிறுத்திவிட்டு அரை மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

வாடிக்கையாளர் திருப்பித் தரும் சரக்கு கடைசியாக வந்த பேட்ச்சில் போய்ச் சேர்வதையும், இருப்புத் திரையின் வலப்பக்கத்து மஞ்சள் பெட்டி சில பேட்ச்களுக்குக் கழித்தல் குறியோடு எண் காட்டுவதையும் அக்டோபர் 30ஆம் தேதி மின்னஞ்சலில் படத்துடன் அனுப்பியிருக்கிறேன். அவற்றை மீண்டும் எழுத எனக்குத் தெம்பில்லை. தேடி எடுத்துக்கொள்ளுங்கள்.

நெய், சாந்தான், லோரி ஓட்டிய மூன்று நாள், கூடுதல் விலைக்கு வாங்கியது, பயணம், விட்டுப்போன ஆறு கடைகள் எல்லாவற்றையும் கூட்டினால் 60,000 வெள்ளிக்குக் குறையாது. 45 ஆண்டுப் பெயருக்குப் பத்து லட்சம் கொடுத்தாலும் ஈடாகாது. அந்த அக்கா இப்போது ஈப்போவிலிருந்து சரக்கு எடுக்கிறார். சந்தையில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார், ஆனால் பேச்சை வளர்ப்பதில்லை.

நான் வம்பு பிடித்த ஆள் இல்லை ஐயா. உங்களுக்கும் தொழில், எனக்கும் தொழில். 9,800 வெள்ளியைத் திருப்பிக் கொடுங்கள். என் சரக்குப் பதிவுகள் முழுவதையும், எந்தப் பேட்ச் எந்த நாளில் உள்ளே வந்தது என்பது உட்பட, நான் திறந்து படிக்கக்கூடிய கோப்பாகக் கொடுங்கள். அந்த இளைஞர் என் கிராணியும் ஓட்டுநரும் கேட்கும்படி, அதே ஒலிபெருக்கியில், மன்னிப்புக் கேட்க வேண்டும். பணத்தைவிட அதுதான் எனக்கு முக்கியம். இந்த மூன்றையும் செய்தால் இழப்பீடு பற்றி நான் பேசமாட்டேன்.

இதே மென்பொருளை வேறு மளிகைக் கடைகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் விற்றிருப்பதாக உங்கள் ஆள் பெருமையாகச் சொன்னார். அவர்களிடம் இந்தத் தேதிக் கோளாற்றை உடனே சொல்லுங்கள். மருந்துக்கும் 07/11 என்று தேதி இருக்கும் அல்லவா? இதில் தாமதிக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

ஜனவரி 31க்குள் பதில் வராவிட்டால் இந்தக் கடிதத்தின் நகல், பதினொரு மின்னஞ்சல்கள், ஓட்டுநரின் 555 புத்தகப் பக்கங்கள் எல்லாம் உள்நாட்டு வாணிப, வாழ்க்கைச் செலவின அமைச்சின் ஈப்போ அலுவலகத்துக்குப் போகும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் 50,000 வெள்ளி வரை விசாரிக்கிறது. வியாபாரத்துக்கு வாங்கிய பொருள் என்பதால் இவர் அங்கே போக முடியாது என்று உங்கள் வழக்கறிஞர் ஆறுதல் சொல்லலாம். அப்படியென்றால் நீதிமன்றம் இருக்கிறது. எங்கள் ஊரில் வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், தமிழ்ப் பத்திரிகைக்கு எழுதுபவர்களும் இருக்கிறார்கள்.

நல்ல பதிலை எதிர்பார்க்கிறேன்.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
உங்கள் வாடிக்கையாளர்
(கடை முத்திரையும் கையொப்பமும் கீழே)

பி.கு.: இந்தக் கடிதத்தை உறையில் போடும்போது உங்கள் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. புகாருக்குப் பதில் என்று நினைத்து அவசரமாகத் திறந்தேன். இந்த ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் 1,200 வெள்ளிக்கான விலைப்பட்டியல். கெடு 02/03/2026 என்று இருக்கிறது. அது மார்ச் இரண்டா, பிப்ரவரி மூன்றா என்று எழுதித் தெரிவிக்கவும். எந்த நாளாக இருந்தாலும் நான் கட்டப்போவதில்லை.