மலைக் கிராமங்களுக்குக் கடைசிப் பேருந்து

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விழா நெருங்கும்போதெல்லாம் சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் சிறப்புப் பேருந்துகள் இயக்கப்படும் என்ற அறிவிப்பும், வாகனங்கள் அடிவாரம் வழியாக ஏறிக் குப்பனூர் வழியாக இறங்க வேண்டும் என்ற அறிவிப்பும் தவறாமல் வெளியாகின்றன. சுற்றுலா வருவோருக்கு அவை தேவைதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் ஏரியும் அண்ணா பூங்காவும் மட்டுமே ஏற்காடு ஆகிவிடாது. ஒண்டிக்கடை ரவுண்டானாவைத் தாண்டி நாகலூர், மாரமங்கலம், தலைச்சோலை, வெள்ளக்கடை, வாழவந்தி எனப் பரந்து கிடக்கும் ஊராட்சிகளில், காப்பித் தோட்டங்களில் கூலி வேலை பார்ப்போரும் மிளகு பயிரிடும் ‘மலையாளி’ எனப்படும் பழங்குடியினரும் விழா முடிந்த பிறகும் வாழ்ந்துகொண்டுதான் இருக்கிறார்கள். அவர்கள் மாலையில் வீடு திரும்புவதைப் பற்றியே இக்கடிதம்.

கல்லூரிக்கும், ஆட்சியர் அலுவலகத்துக்கும், அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனைக்கும் இவர்கள் சேலத்துக்குத்தான் இறங்க வேண்டும். போவதில் பெரிய சிக்கல் இல்லை, திரும்புவதில்தான் சிக்கல். சனி, ஞாயிறுகளில் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் கார்கள் அடைத்துக்கொண்டு நிற்க, சேலத்து வண்டி தாமதமாக ஏற்காடு வந்து சேரும்போது, உட்கிராமத்துக்குப் போகும் கடைசி வண்டி புறப்பட்டுப் போயிருக்கும். அல்லது ஆள் குறைவு என்று அந்த நடையே ரத்தாகியிருக்கும். பிறகு ஜீப்புக்கு ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டும், இல்லையேல் காட்டெருமை நடமாடும் சாலையில் கைப்பேசி வெளிச்சத்தில் நடக்க வேண்டும். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவரை இந்த இரண்டில் எதற்கு அனுப்புவது?

2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மகளிர் கட்டணமின்றிப் பயணம் செய்கிறார்கள். 2024-25 நிதிநிலை அறிக்கையில் நீலகிரி, கொடைக்கானல், வால்பாறை போன்ற மலைப்பகுதிகளுக்கும் இத்திட்டம் விரிவாக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. நல்ல திட்டம் என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். இருப்பினும், அதன் கணக்கு நடக்கும் முறையைக் கவனிக்க வேண்டும். பயணம் செய்யும் பெண்ணுக்குரிய கட்டணத்தைப் போக்குவரத்துக் கழகத்துக்கு அரசு ஈடுசெய்கிறது. அதாவது, வண்டி ஓடி, அதில் ஆள் ஏறினால்தான் அந்தப் பணம் வரும். வண்டி வராத ஊருக்கு அத்திட்டத்தால் ஒரு ரூபாய்கூடச் செல்வதில்லை. எனவே உட்கிராமத் தடங்களுக்கு மட்டுமாவது, எத்தனை பேர் ஏறினார்கள் என்பதைப் பாராமல், அட்டவணைப்படி ஓடிய ஒவ்வொரு நடைக்கும் கிலோமீட்டர் கணக்கில் அரசு தொகை வழங்க வேண்டும். அப்போதுதான் மாலை ‘சிங்கிள்’ (ஒருவழி நடை) வசூலில்லாத சிங்கிள் என்று முதலில் வெட்டப்படுவது நிற்கும்.

சிற்றுந்துகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். 1997-இல் வந்த திட்டத்தில் 20 கிலோமீட்டராக இருந்த அதிகபட்சத் தட நீளம், 2025 ஜூன் மாதம் தொடங்கப்பட்ட புதிய திட்டத்தில் 25 கிலோமீட்டராக உயர்த்தப்பட்டு, தடத்தில் குறைந்தது 65 விழுக்காடு பேருந்து வசதி இல்லாத பகுதியாக இருக்க வேண்டும் என்றும் விதிக்கப்பட்டுள்ளது. சமவெளிக்கு இது பொருந்தும். மலையிலோ, டீசலும் டயரும் பிரேக்கும் தேய்கிற தேய்மானத்தில், இரவு ஏழு மணிக்கு நான்கு பேரை ஏற்றிக்கொண்டு போகத் தனியார் உரிமையாளர் முன்வருவார் என்று எதிர்பார்ப்பது நியாயமாகாது.

நடைமுறைக்கு ஏற்ற வழி, பலருக்கும் தெரிந்த ‘நைட் ஹால்ட்’ வண்டிதான். கடைசி நடையில் ஊருக்கு வரும் பேருந்து அங்கேயே தங்கி, விடியற்காலையில் முதல் நடையாக இறங்கும். இரவு திரும்புவோருக்கும் காலையில் கல்லூரிக்குப் போவோருக்கும் ஒரே வண்டி பயன்படும். காலி வண்டியாகத் திரும்பும் செலவும் இல்லை. ஆனால் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில், மார்கழிக் குளிரில், ஓட்டுநரையும் நடத்துநரையும் பேருந்து இருக்கையில் படுக்கச் சொல்ல முடியாது. கழிவறையும் கதவுள்ள ஓர் அறையும் ஊராட்சி தர வேண்டும். ஓட்டுநர் நன்றாகத் தூங்கி எழ வேண்டியது, மறுநாள் காலையில் அவருடன் இறங்கும் எங்களுக்குத்தான் அதிகத் தேவை.

அதோடு, சேலத்து வண்டி வந்து சேரும் வரை கிராம வண்டி காத்திருக்க வேண்டும் என்பதை அட்டவணையிலேயே எழுதிவிடலாம். இணைப்பு வண்டியைப் பிடிக்க வேண்டுமே என்று மலைப்பாதையில் ஒருவரும் அவசரப்படலாகாது. 2024 ஏப்ரல் 30 அன்று 13-ஆவது வளைவருகே தனியார் பேருந்து கவிழ்ந்து பலர் உயிரிழந்ததை இங்கு யாரும் மறக்கவில்லை. அதே ஆண்டு டிசம்பர் மழையில் மண் சரிந்து பாதை அடைபட்டதுபோல் ஏதேனும் நேர்ந்து, கடைசி வண்டி ரத்தாவது தவிர்க்க முடியாத நாட்களும் உண்டு. அன்று அச்செய்தியைச் சேலம் பேருந்து நிலையத்திலேயே, பயணிகள் ஏறுவதற்கு முன்பாக, ஒலிபெருக்கியில் அறிவித்துவிட வேண்டும். கன்னங்குறிச்சியிலோ அஸ்தம்பட்டியிலோ உறவினர் வீடு இருப்பவர்கள் அன்றிரவு அங்கேயே தங்கிக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியர்,
ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.