முதற் சுருளும் கடைசிச் சுருளும் இல்லாத ஒரு படம்: திரைப்படச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டுத் திரைப்படச் சங்க ஒருங்கிணைப்பாளர்களுக்கு வணக்கம்.

ஜப்பானிய இயக்குநர் யசுஜிரோ ஓசுவின் படங்களைத் திரையிடும்போது, 'டோக்கியோ ஸ்டோரி' முதலான பிற்காலப் படங்களோடு நின்றுவிடாமல், 1934இல் ஷோசிகு நிறுவனத்துக்காக அவர் எடுத்த 'எ மதர் ஷுட் பி லவ்ட்' என்ற மௌனப் படத்தையும் சேர்த்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். முதற் சுருளும் கடைசிச் சுருளும் தொலைந்துபோனதால், அரைகுறைப் படத்தை எப்படிக் காட்டுவது என்ற தயக்கம் உங்களுக்கு எழக்கூடும். எஞ்சியிருக்கும் பகுதியைப் பார்த்தால் அந்தத் தயக்கம் நீங்கிவிடும்.

தந்தையை இழந்த வசதியான குடும்பத்தின் மூத்த மகன் சதாவோ, பல்கலைக்கழகத்தில் சேரும் வேளையில், தான் மூத்த தாரத்தின் பிள்ளை என்பதைக் குடும்பப் பதிவேட்டிலிருந்து அறிந்துகொள்கிறான். மாற்றாந்தாய் என்றாலே கொடுமைக்காரி என்று பழகிவிட்ட நம் பார்வையாளர்களுக்கு இப்படம் ஒரு புதிய அனுபவமாக இருக்கும். ஏனெனில் இந்தத் தாய் தான் பெற்ற இளையவனைக் கண்டிக்கிறாளே தவிர மூத்தவனைக் கடிந்து ஒரு சொல் சொல்வதில்லை, அந்தப் பரிவே தன்னை அயலானாக நடத்துவதாக அவனுக்குப் படுகிறது. அவன் யோகோஹாமாவின் விலைமகளிர் விடுதி ஒன்றில் போய்த் தங்குகிறான். தேடி வந்து அழைக்கும் தாயை வேண்டுமென்றே புண்படுத்தித் திருப்பி அனுப்புகிறான். அவனை அசைப்பவர் அங்கே துப்புரவு வேலை செய்யும் மூதாட்டி. சில நிமிடங்களே வரும் அப்பாத்திரத்தில் சோகோ ஈடா நடித்திருக்கும் விதத்துக்காகவே படத்தை இரண்டாம் முறை பார்க்கலாம். படம் வெளிவந்த அதே ஆண்டில்தான் ஓசுவின் தந்தையும் காலமானார். அதற்கும் இதற்கும் முடிச்சுப் போட நான் விரும்பவில்லை.

திரைக்கதை பிழைத்திருப்பதால், தொலைந்த சுருள்களில் என்ன இருந்தது என்பது நமக்குத் தெரியும்: முதலாவதில் தந்தையின் திடீர் மரணம், கடைசியில் மூவரும் மீண்டும் ஒன்றாக வாழத் தொடங்கும் வீடு. அப்பகுதிகளைத் தமிழாக்கி, நல்ல குரல்வளமுள்ள ஒருவரைத் திரையருகே நிறுத்திப் படத்துக்கு முன்னும் பின்னும் வாசிக்கச் செய்யுங்கள். இது படத்தின் மீது நாம் ஏற்றும் புதுமை அன்று. ஜப்பானிய மௌனப் படங்கள் பென்ஷி எனப்படும் கதைசொல்லிகளோடுதான் திரையிடப்பட்டன; அவர்களது செல்வாக்கும் அங்கே பேசும்படம் மெதுவாகவே வேரூன்றியதற்கு ஒரு காரணம். நமது 'காளிதாஸ்' வெளியான 1931இலேயே ஜப்பானிலும் பேசும்படம் வந்துவிட்டது என்றாலும், ஓசு தம் முதல் பேசும் கதைப்படத்தை 1936இல்தான் எடுத்தார். மிடோரி சவாதோ போன்ற கலைஞர்கள் அம்மரபை நம் காலம் வரை கொண்டுவந்திருக்கிறார்கள். நம் ஊர் மௌனப்படக் கொட்டகைகளிலும் கதையை விளக்கிச் சொல்ல ஆட்கள் இருந்தார்கள் என்பதை உங்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

ஒன்றை மட்டும் தவிர்த்துவிடுங்கள்: கைக்குக் கிடைத்த பியானோ ஒலிப்பதிவைப் படம் முழுவதும் ஓடவிடுவது. தாய் விடுதிக்கு வரும் காட்சிக்கு எந்த இசையும் வேண்டாம். திரையிடும் உரிமைக்கு ஷோசிகு நிறுவனத்திடம் முன்கூட்டியே எழுதிவிட்டால், வாசிப்புக்கான தமிழாக்கத்தைச் செய்துதர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் திரையிடல்களுக்கு வரும் ஒரு பார்வையாளர்