‘ரீசஸ்’ எல்லாம் விடுமுறை அல்ல

ஆசிரியருக்கு,

பட்ஜெட் கூட்டத்தொடரின் நடுவே வரும் ‘ரீசஸ்’ (recess) பல செய்திகளில் ‘நாடாளுமன்றத்துக்கு விடுமுறை’ என்றே அச்சாகிறது. அந்த வாரங்களில்தான் எம்.பி.க்கள் அடங்கிய துறைசார் நிலைக்குழுக்கள் மானியக் கோரிக்கைகளை, அதாவது அமைச்சகங்கள் செலவுக்குக் கேட்கும் தொகைகளை, ஆராய்கின்றன. ‘இடைவேளை’ என்றால் போதும்.

குடியரசுத் தலைவர் அவசரச் சட்டம் பிறப்பிப்பது பற்றிய, அரசியல் சட்டத்தின் 123-வது பிரிவின் தலைப்பிலும் இதே சொல் உண்டு, பொருள் வேறு. அங்கே அது கூட்டத்தொடர் நடக்காத காலம். நடு இடைவேளையில் அவை ஒத்திவைக்கப்பட்டிருக்கும், கூட்டத்தொடர் முடிந்திருக்காது. இரு அவைகளின் தொடரும் அப்படி நீடித்தால் அவசரச் சட்டம் பிறப்பிக்க முடியாது; ஓர் அவையின் தொடராவது முடித்துவைக்கப்பட வேண்டும். நிலம் கையகப்படுத்தும் அவசரச் சட்டத்தை மீண்டும் கொண்டுவர, 2015 மார்ச் 28 அன்று மாநிலங்களவைக் கூட்டத்தொடர் முடித்துவைக்கப்பட்டது இதனால்தான். ‘விடுமுறை’ என்று எழுதினால் இந்த நகர்வே வாசகருக்குப் புரியாது.

மற்ற இடங்களில் நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமில்லை. சுவரில் விளக்கு வைக்கும் ‘ரீசஸ்’ மாடக்குழி. மரபியலில் ‘ரிசசிவ்’ (வெளிப்படாமல் அடங்கும் பண்பு) என்பதற்கு ‘ஒடுங்கு’ என்ற சொல் பாடநூலிலேயே இருக்கிறது. தச்சருக்கு ‘ரீசஸ்’ என்பது கீல் பதிக்க உளியால் எடுக்கும் பள்ளம். கீல் தகட்டின் கனம் எவ்வளவோ அவ்வளவே ஆழம். கூடினால் கதவு கீல் பக்கம் முட்டி, சாத்தும்போது எதிர்க்கும். குறைந்தால் இடுக்கு தெரியும். பள்ளிக்கூடத்து ரீசஸை மட்டும் ‘இன்டர்வெல்’ என்றே விட்டுவிடலாம், பிள்ளைகள் மாற்றப்போவதில்லை!

வாசகர், மதுரை