நாலு அங்குலத்தால் கடன்பட்டவன் எழுதும் நன்றி மடல்

அன்புள்ள எதிர்வீட்டு அம்மாவுக்கும், கிண்ணியா நானாவுக்கும், தம்பலகாமத்துப் பெரியப்பா பெரியம்மாவுக்கும், கந்தளாய் பாஸுக்கும், டயர்க்கடைத் தம்பிக்கும், "தள்ளுங்கோ" என்றதும் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்த முகம் தெரியாத எல்லாருக்கும்,

கார் ஓடுகிறது.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பலகாமத்தில் ஆதிகோணேஸ்வரர் வாசலில் தேங்காய் உடைத்துப் புறப்பட்டு, திருகோணமலை நகரத்துக்கு வந்து சேர்ந்தோம். வழியில் ஒரே ஒரு தடவைதான் நின்றது. அதுவும் தானாக நிற்கவில்லை, பொலிஸ்காரர் மறித்தார். பத்திரங்களை எடுத்து நீட்டினேன். அவர் அதைத் தொடவே இல்லை. "இது எத்தனையாம் ஆண்டு?" என்று கேட்டார். 1960 என்றேன். ஒருமுறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போகச் சொன்னார்.

பெயர் போடவேண்டாம் என்று உங்களில் மூன்று பேர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டீர்கள். ஆகவே எல்லாரையும் முறை சொல்லியே கூப்பிடுகிறேன். உங்களுக்குத் தெரியும் யார் யார் என்று.

தெரியாதவர்களுக்காகக் கதையைத் தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். மாமாவின் வீட்டை விற்றபோது மாமரத்தடியில் நின்ற மொரிஸ் மைனரை யார் எடுப்பது என்ற கேள்வி வந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய நாளிலிருந்து இந்த நாட்டில் நாலு சில்லுள்ள எதற்கும் விலை இருந்ததால், கேட்டு வந்தவர்களுக்குக் குறைவில்லை. விற்க மனம் வரவில்லை. "நான் எடுக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் அளவுநாடாவை எடுத்தேன். கணக்கு வாத்தியார் செய்கிற வேலையா இது!

காரின் அகலம் 5 அடி 1 அங்குலம். டைக் வீதிப் பக்கத்து ஒழுங்கையில் எங்கள் வாடகை வீட்டின் கேற் சரியாக 5 அடி.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. இந்தக் காரை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் முதலில் செய்தது இதைவிட ஒடுக்கமான கார். பார்க்க அழகில்லை என்று, மாதிரிக் காரை நீளவாக்கில் இரண்டாக அறுத்து, நடுவில் 4 அங்குலம் கூட்டினார். 1948இல் லண்டன் கண்காட்சிக்கு வந்தது அந்தக் கூட்டிய கார்தான். பொனட்டின் நடுவே ஓடும் தட்டையான பட்டி அந்த ஒட்டுவேலையின் தழும்பு. அவர் அறுக்காமல் விட்டிருந்தால் கார் 57 அங்குலத்தோடு எங்கள் முற்றத்துக்குள் போயிருக்கும், நானும் உங்கள் ஒருவரையும் தொந்தரவு செய்திருக்க மாட்டேன். ஆகவே இந்த மடலில் அவருக்கு மட்டும் நன்றி கிடையாது.

எதிர்வீட்டு அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. புரட்டாதியில் கார் வந்து இறங்கியபோது உங்கள் மதிலோரம்தான் ஒழுங்கையில் அகலமான இடம். நான் வாய் திறக்க முதலே உடுப்புக் கொடியை அவிழ்த்து வளவின் மற்றப் பக்கம் கட்டினீர்கள். பிறகு காலை நாலரைக்கு எழும்பி, தறப்பாள் பறந்துபோகாமல் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். அந்த மான் விஷயமும் உங்களால்தான் தெரியவந்தது. கழற்றிய ஒவ்வொரு போல்ட்டும் எங்கே இருந்தது என்று காட்போட் மட்டையில் படம் கீறி, அந்தந்த இடத்தில் துளை போட்டுச் செருகி வைத்திருந்தேன். இரண்டு மட்டைகளைக் காணவில்லை. போல்ட்டுகள் மட்டும் மணலில் கிடந்தன. சின்னப் பிள்ளைகளைச் சந்தேகப்பட்டுக் கத்தியும் விட்டேன். "தம்பி, பிள்ளையளை ஏசாதேங்கோ, கோட்டைப் பக்கத்து மான்தான் விடிய வந்து நிண்டு சப்பினது" என்று நீங்கள் சொன்னபோது நான் நம்பவில்லை. அடுத்த நாள் காலை ஒரு புள்ளிமான் காரின் நிழலில் காலை மடித்துப் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது. அதன் வாயில் என்னுடைய இடதுபக்க முன்மட்காட். பிள்ளைகளே, உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

ஆனால் ஒழுங்கையில் வைத்துச் செய்யக்கூடிய வேலைக்கு ஓர் எல்லை இருந்தது. மொரிஸ் மைனருக்குத் தனியாக செசி, அதாவது அடிச்சட்டம், கிடையாது. தரைத்தகடும், கதவுக்குக் கீழே நீளத்துக்கு ஓடும் பெட்டித்தகடும்தான் அதற்கு முதுகெலும்பு. அந்த இரண்டும்தான் எங்கள் காரில் உக்கிப் போயிருந்தன. அப்படியே வெட்டினால் காரின் உடல் நடுவில் தொய்யும், பிறகு எந்தக் கதவும் பூட்டாது. சமமான கடினத் தரையில் நாலு இடத்தில் முண்டு கொடுத்து, வேலை முடியும்வரை அசைக்காமல் வைத்திருக்க வேண்டும். எங்கள் பக்கம் மண் என்றால் கடற்கரை மணல். ஜக்கை வைத்தால் கார் ஏறாது, ஜக்தான் இறங்கும். அடியில் பலகை போட்டால் பலகையும் சேர்ந்து இறங்கும். இதோடு உப்புக்காற்று. மாலையில் உரஞ்சிப் பளபளப்பாக்கிய தகடு காலையில் மஞ்சளாகப் பூத்திருக்கும்.

வீட்டுக்காரர் எண்ணெய்க்கறையைக் காட்டிக் கோபித்தது நியாயம். ஒரு கராஜ்காரர் இடத்துக்கு நாள்வாடகை கேட்டார், அதோடு வேலையையும் தங்களிடமே தரவேண்டும் என்றார். அவர் பிழைப்பு அது, குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த அலைச்சலில் ஒன்று விளங்கியது. "கார் வைக்க இடம் இருக்கா?" என்று கேட்டால் திருகோணமலையில் எவரிடமும் இடம் இல்லை. "உங்களுக்கு எந்த மாதம் வேலை குறைவு?" என்று கேட்டால் ஆளுக்கொரு மடுவம் வெறுமையாக இருக்கிறது.

கிண்ணியா நானா, இந்தக் கேள்வியை நான் முதலில் கேட்டது உங்களிடம். நீங்கள் மழையைக் காட்டினீர்கள். கார்த்திகை பிறந்தால் ஈரத்தில் பிசின் ஒழுங்காக இறுகாது, பைபர் வள்ள வேலை மந்தம், மடுவத்தின் பின்பாதி தை கடைசிவரை சும்மா கிடக்கும் என்றீர்கள். காரை ட்ரக்டர் பெட்டியில் ஏற்றிக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தபோது, பாலத்தில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் எழும்பி நின்று பார்த்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

"கூர இரிக்கி, கரண்ட் இரிக்கி. நெருப்பு மட்டும் வேணாம் வாத்தியார்" என்று ஒரே ஒரு நிபந்தனை போட்டீர்கள். பீப்பாய் பீப்பாயாகப் பிசின் நிற்கும் இடத்தில் வெல்டிங் பொறி பறந்தால் என்ன ஆகும் என்று நீங்கள் விளக்கத் தேவையிருக்கவில்லை. அந்த இரண்டரை மாதமும் நெருப்பில்லாத வேலை எல்லாம் செய்தோம். உங்கள் வள்ள எஞ்சின் தூக்கும் முக்காலியிலும் சங்கிலியிலும்தான் காரின் 948 சிசி எஞ்சின் வெளியே வந்தது. அது அந்தரத்தில் மெல்லச் சுழன்றபோது வேலைக்காரப் பெடியன்கள் கைதட்டினார்கள். பிரேக் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடியில், தரைக்குக் கீழே ஒளிந்திருப்பதைக் கண்டுபிடித்ததும் அவர்களில் ஒருவன்தான். வாடகை என்று நான் எடுத்த காசை நீங்கள் திருப்பித் தந்துவிட்டு மகளின் கணக்குக் கொப்பியை நீட்டினீர்கள். ஒவ்வொரு மாலையும், எஞ்சின் எண்ணெய் காயாத கையோடு, வள்ளத்தின் கவிழ்ந்த அடிப்பகுதியை மேசையாக்கி இருபடிச் சமன்பாடு. சாதாரண தரத்தில் கணக்குக்கு அவளுக்கு ஏ. நல்ல வாடகை, நானா. இப்படி ஒரு வாடகையை நான் வேறு எங்கும் கட்டியதில்லை.

மாசியில் வெயில் வர வள்ளங்களும் வந்தன. கார் மறுபடி ஒழுங்கைக்கு, மதிலோரத்துக்கு. இந்தமுறை எஞ்சின் இல்லாமல். எதிர்வீட்டு அம்மா கொடியை மறுபடியும் அவிழ்த்தார்.

பெரியப்பா, உங்களை எனக்கு நேரடியாகத் தெரியாது. கூடப் படிப்பிக்கும் ஆசிரியரின் பெரியப்பா என்ற உறவோடு வந்தேன், இப்போது எனக்கும் பெரியப்பாதான். பெரும்போக நெல்லு விற்று முடிந்து வெறுமையாகக் கிடந்த உங்கள் களஞ்சியத்தைத் திறந்து காட்டி, "ஆவணிக்கு நெல்லு வரும். நெல்லு வந்தா அது வெளியில நிக்காது, உங்கட கார்தான் நிக்கும்" என்றீர்கள். எழுத்தில் போட்ட எந்த ஒப்பந்தமும் இவ்வளவு தெளிவாக இருந்ததில்லை. உயர்த்திக் கட்டிய சீமெந்துத் தரை. மேசன்மார் பாவிக்கும் தண்ணீர்க் குழாயைப் பிடித்துப் பார்த்தோம், நாலு மூலைக்கும் அரை அங்குலம்கூட வித்தியாசம் இல்லை. நான் அந்தத் தரையில் படுத்துப் பார்த்ததைப் பெரியம்மா கண்டு, எனக்குத் தலைசுற்றிவிட்டது என்று பயந்து தேசிக்காய்த் தண்ணி கொண்டு ஓடிவந்தார்.

வெல்டிங் வேலைக்குக் கந்தளாய் பாஸ் வந்தது அங்கேதான். ஸ்குறூட்ரைவரின் பிடியால் பெட்டித்தகட்டை முன்னிருந்து பின்னுக்குத் தட்டிக்கொண்டே போவார். 'டண் டண்' என்று கேட்கும்வரை முகத்தில் அசைவில்லை. 'டப்' என்று கேட்ட இடத்தில் நின்று, சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார். அரை மணித்தியாலத்தில் கார் முழுக்க வெள்ளைக் கோடு. நான் ஆர்வக்கோளாறில் கதவுகளைக் கழற்றப் போனேன். "தம்பி, கதவு கழட்ட வேணாம். கதவுதான் நம்ம அடிமட்டம்" என்றார். கதவிடைவெளியில் கோண இரும்பைக் குறுக்கே பற்றவைத்துக் கட்டி, ஒரு பக்கம் முடித்த பிறகுதான் மற்றப் பக்கத்தைத் தொட்டார். ஒவ்வொரு நாளும் வேலை முடிய ஒரு காரியம் செய்வார். கதவை இரண்டு விரலால் மெல்லத் தள்ளி, அது தானாகப் பூட்டுகிறதா என்று கேட்பார். பார்க்க மாட்டார், காதைக் கொடுத்துக் கேட்பார். 'கிளிக்' என்றால்தான் பிளேன் ரீ. பாஸ், உங்களுக்கு எழுதின தமிழ் வாசிக்க வராது என்று தெரியும். உங்கள் பேத்தி வாசித்துக் காட்டுவாள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன்.

வெல்டிங் நடந்த நாட்களில் பக்கத்து வைக்கோல் போருக்கும் எங்களுக்கும் நடுவில் நனைத்த சாக்கோடு நின்ற பெரியப்பாவின் இரண்டு பேரப்பிள்ளைகளுக்கும் நன்றி. மூன்று தடவை ஓடி அடித்தார்கள். அதில் இரண்டு தடவை நெருப்பே இல்லை.

பெயின்ட் நாள் தனிக்கதை. ஆடி மாதம், கச்சான் காற்று. எட்டு மணிக்குப் பிறகு வயலின் தூசியும் உமியும் களஞ்சியத்துக்குள் வரும். ஆகவே விடிய முதலே முடிக்க வேண்டும் என்று தீர்மானம். பெரியம்மா நாலு மணிக்கு எழும்பித் தரை முழுக்கத் தண்ணீர் தெளித்து, கூரை மரத்தின் ஒட்டறையை முதல்நாளே அடித்து வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குக்கூட இப்படித் துப்புரவு செய்யவில்லை என்று பெரியப்பா முணுமுணுத்தார். டயர்க்கடைத் தம்பி கொம்பிரசரை ஓட்டோவில் கட்டிக்கொண்டு வந்தான். நான் அவசரத்தில் குழாயைப் பூட்டப் போக, கையைப் பிடித்து நிறுத்தி, தாங்கியின் அடித்திருகைத் திறந்து ஒரு கோப்பைத் தண்ணீரை வடித்துக் காட்டினான். அந்தத் தண்ணீர் காற்றோடு வந்திருந்தால் பெயின்ட் முழுக்க அம்மைத்தழும்பு போட்டிருக்கும். தம்பி, அந்த ஒரு கோப்பைக்கு உனக்கு நான் எவ்வளவு கடன் என்று உனக்கே தெரியாது.

ஏழு மணிக்கு முடிந்தது. மாமா வைத்திருந்த அதே சாம்பல் பச்சை. பொனட்டில், அந்த 4 அங்குலப் பட்டியின் நடுவில், ஒரு நுளம்பு ஒட்டிச் செத்திருக்கிறது. உரஞ்சி எடுத்துத் திரும்ப அடிக்கலாம் என்றார்கள். வேண்டாம் என்றுவிட்டேன். அதுவும் தம்பலகாமம்தானே.

நானா மடுவத்தில் மூடிவைத்திருந்த எஞ்சின் அடுத்த கிழமை வந்து ஏறியது. பிறகு வயர், பிரேக், சீற். அவற்றைப் பற்றி எழுதினால் இது மடலாக இருக்காது. நெல்லுக்கு நாலு நாள் முந்தி கார் வெளியே வந்தது. பெரியப்பா, களஞ்சியத் தரையில் எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு கறை விட்டுவிட்டேன். மரத்தூள் போட்டும் போகவில்லை. மூட்டைகளை அதன்மேல் அடுக்க முதல் ஒரு நாள் வந்து உரஞ்சித் தருகிறேன் என்றேன். "கிடக்கட்டும், அடுத்த முறை எங்க நிப்பாட்டிறதெண்டு தெரியும்" என்றீர்கள். அடுத்த முறை என்று ஒன்றே இல்லை என்று என் மனைவி இதை எழுதும்போது பக்கத்தில் நின்று சொல்கிறா.

கராஜ் இப்போதும் இல்லை. கேற் இப்போதும் 5 அடிதான். கார் மதிலோரத்தில் நாலு குழாயும் இரண்டு தகரமும் போட்ட பந்தலின் கீழ் நிற்கிறது. எதிர்வீட்டு அம்மாவின் உடுப்புக் கொடியின் ஒரு முனை அந்தக் குழாயில்தான் கட்டியிருக்கிறது. அவரும் வாடகை வாங்க மறுத்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: வெள்ளிக்கிழமைகளில் பத்திரகாளி அம்மன் கோவிலுக்கு முன்சீற்றில் இருந்து போகவேண்டும், கண்ணாடி இறக்கியிருக்க வேண்டும், தெருவில் தெரிந்தவர்களைக் கண்டால் மெதுவாகப் போகவேண்டும்.

அம்மா, நாளைக்கு வெள்ளி. ஆறரைக்குக் கேற்றடியில் நிற்பேன். கொடியை மட்டும் முதலே அவிழ்த்து விடுங்கோ.