தராசு மட்டும் காணாது, அளவுநாடாவும் வேணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

நான் கோண்டாவில்ல முப்பது வருசமா சட்டை தைக்கிறனான். டொக்டரும் இல்லை நேர்சும் இல்லை. ஆனா என்ர அளவுக்கொப்பியில இருக்கிற ஒரு விசயத்தை உங்கட பேப்பருக்கு எழுதவேணும் எண்டு கனநாளா யோசிச்சுக்கொண்டு இருந்தனான், போன மாசம் அக்காவுக்கு நடந்ததோட இனிச் சும்மா இருக்க மனம் வரேல்லை.

அதே ஆக்களுக்குத்தானே வருசக்கணக்கா தைக்கிறன், கொப்பியைப் பிரட்டினா தெரியும், மாதவிடாய் நிண்டு ரெண்டு மூண்டு வருசத்தில தோள், கை எல்லாம் அப்பிடியே இருக்க இடுப்பு மட்டும் ஏறியிருக்கும். "நிறை கூடேல்லை அக்கா, கிளினிக்கில நிறுத்தவை" எண்டு சொல்லுவினம். கூடாமலும் இருக்கலாம், கொழுப்பு இடம் மாறியிருக்கு, அவ்வளவுதான். ஈஸ்ட்ரஜன் எண்ட பெண் ஹோர்மோன் இருக்கும்வரை தொடையிலயும் பின்பக்கத்திலயும் சேருறது, அது குறைஞ்சவுடன வயித்துக்குள்ள குடலைச் சுத்திச் சேருது.

கொழுப்பு எண்டா மூட்டை கட்டி அடுக்கி வைச்ச சாமான் மாதிரி எண்டுதான் நானும் நினைச்சனான். டொக்டருக்குப் படிக்கிற என்ர பெறாமகள் சொல்லுறாள், இல்லையாம், அது ஹோர்மோன் சுரக்கிற உறுப்பாம், 1994இல நியூயோர்க்கில லெப்டின் எண்ட ஹோர்மோனைக் கண்டுபிடிச்ச பிறகுதான் அது வடிவா விளங்கினதாம். லெப்டின்தான் மூளைக்குப் போய் "காணும், கோப்பையைக் கழுவு" எண்டு சொல்லுற ஆள். கொழுப்பு கூடக்கூட லெப்டினும் கூடுது, ஆனா மூளை கேக்குதில்லை, நாள் முழுக்கக் கத்துற தாயின்ர கதையைப் பிள்ளையள் காதில விழுத்தாத மாதிரி. கொழுப்புச் சுரக்கிற மற்ற ஹோர்மோன் அடிபொனெக்டின். இது நல்லது, இன்சுலினை ஒழுங்கா வேலை செய்ய வைக்கும். வேடிக்கை என்னெண்டா அதைச் சுரக்கிறதும் கொழுப்புத்தான், ஆனா வயித்துக்குள்ள கொழுப்பு கூடினா அது குறையுது. பிறகென்ன, சீனி வருத்தம், பிரசர், ஈரலில கொழுப்பு, கடைசியா நெஞ்சு.

இதுக்குள்ள எங்கட ஒழுங்கையில ஒரு மாமிக்கு வெளிநாட்டில இருந்து "லெப்டின் குளிசை" வந்திருக்கு. லெப்டின் ஒரு புரதம், விழுங்கினா முட்டை மாதிரிச் செமிச்சுப் போயிடும். காசுதான் கரியானது.

அக்காவுக்கு 58. கை கால் மெல்லிசு, வயிறு மட்டும். நெஞ்சு நோ எண்டு ஒண்டும் இல்லை, தாடை உளைவும் இளைப்பும் சத்தியும்தான், காஸ் எண்டு இஞ்சித் தேத்தண்ணி குடிச்சுப்போட்டுப் படுத்திட்டா. விடிய ஆஸ்பத்திரியில ஈசிஜி எடுத்தாப் பிறகுதான் ஹார்ட் அற்றாக் எண்டு தெரிஞ்சது. தப்பிட்டா. பெம்பிளையளுக்கு இப்பிடியும் வரும் எண்டு எங்கட வீட்டில ஒருத்தருக்கும் தெரியாது.

நான் கேக்கிறது பெரிசா ஒண்டும் இல்லை. 35 தாண்டின பெம்பிளையளுக்கு சுகவனிதையர் கிளினிக் இருக்கு, காசும் இல்லை, போங்கோ. நான் போன இடத்தில தராசில ஏத்திப்போட்டு விட்டிட்டினம், இடுப்பை அளக்கேல்லை, நீங்களாவே கேளுங்கோ. வீட்டிலயும் அளக்கலாம், கடைசி விலாவுக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில, மூச்சை விட்டுப்போட்டு. தயவுசெய்து வயித்தை எக்காதேங்கோ, என்னட்டை வாற முக்கால்வாசிப் பேர் அதைத்தான் செய்யினம், பிறகு சட்டை இறுக்கம் எண்டு எனக்குத்தான் பேச்சு! எங்கட தெற்காசியப் பெம்பிளையளுக்கு 80 சென்ரிமீற்றருக்கு மேல போகக்கூடாது, இஞ்சியில முப்பத்தொண்டரை. அதுக்கு மேல எண்டா சீனி, பிரசர், கொலஸ்ட்ரோல் பாக்கவேணும். அடிபொனெக்டினைச் சோதிக்கவேணும் எண்டு ஒருத்தரிட்டையும் காசு குடுக்காதேங்கோ, நாடா காணும்.

குறைக்கிற வழி எல்லாருக்கும் தெரிஞ்சதுதான், நடை, சோத்தைக் குறைச்சு மரக்கறியைக் கூட்டுறது, தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கிறது. ஒரு காலத்தில சுன்னாகம் சந்தைக்குச் சைக்கிள் ஓடினவை நாங்கள், இப்ப பக்கத்துக் கடைக்கும் ஸ்கூட்டி, நானும்தான்.

ஆசிரியர் ஐயா, உங்கட பேப்பரில மெலிய வைக்கிற பவுடர் விளம்பரம் அரைப்பக்கத்துக்கு வருது, இந்த 80க்கு ஒரு மூலையாவது தாங்கோ.

இப்படிக்கு,
ஒரு தையல்காறி,
கோண்டாவில்