கட்டிக்கு ஏது ஃபைல்?

மக்கள் நல்வாழ்வுத் துறை உயர் அதிகாரிகளுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் போன வாரம் பெருந்தொற்று ஒத்திகை நடந்தது. ஆக்சிஜன் வருகிறதா, வென்டிலேட்டர் ஓடுகிறதா, படுக்கை எத்தனை என்று சரிபார்த்தார்கள். வேண்டியதுதான். ஓபி சீட்டுக்கு நின்றிருந்த நான், வந்திருந்த அலுவலரிடம் ஒன்று கேட்டேன்: மறுபடி தொற்று வந்தால், மார்பில் கட்டியோடு வருகிற பெண் எங்கே போவாள்? "அது வேற செக்‌ஷன் மேடம்" என்றார். எந்த செக்‌ஷன் என்று அவருக்கும் தெரியவில்லை. அதனால்தான் உங்களுக்கே எழுதுகிறேன். தொற்றுக் காலத்திலும் புற்றுநோய்ப் பரிசோதனை நிற்காது என்று எழுத்தில் ஓர் ஆணை வேண்டும்.

2020 ஊரடங்குக் கதையை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. கீமோ நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் பட்ட பாடு பெரும்பாடு. ஆனாலும் அவர்கள் கையில் ஒரு ஃபைல் இருந்தது. செக்போஸ்ட்டில் நீட்டலாம், இ-பாஸுக்கு அப்லோடு செய்யலாம். என் சித்தியிடம் இருந்தது நெல்லிக்காய் அளவுக் கட்டி மட்டும்தான். இ-பாஸுக்கு மருத்துவச் சான்று கேட்டார்கள். சான்றுக்கு பயாப்சி, அதாவது கட்டியில் துளி சதை எடுத்துச் சோதிப்பது, எடுக்க வேண்டும். எடுக்கிற ஆஸ்பத்திரி பக்கத்து மாவட்டத்தில். அங்கே போக இ-பாஸ் வேண்டும். உள்ளூரில் காட்டினால், "காய்ச்சல், இருமல் இல்லைல்லம்மா? எல்லாம் அடங்கட்டும், அப்புறம் வாங்க" என்று வாசலோடு அனுப்பிவிட்டார்கள்.

மாவட்டம் விட்டு மாவட்டம் போக இ-பாஸ் வேண்டாம் என்றானது அந்த ஆண்டு செப்டம்பர் 1-இல். அதற்குள் கட்டி உடைந்து புண்ணாகிவிட்டது. சீழ் வெளியே தெரியாமலிருக்க, பழைய வேட்டித் துணியை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார் சித்தி. டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "ஏம்மா இவ்வளவு நாள் கழிச்சு வர்றீங்க?" அதற்குப் பதில் சொல்ல வேண்டியது சித்தி இல்லை, ஐயா.

ஒரு வீட்டுக் கதை என்று ஒதுக்கவும் முடியாது. நாடு முழுக்க 41 புற்றுநோய் மையங்களில் கணக்கெடுத்தார்கள். 2019 மார்ச் முதல் மே வரை புதிதாகப் பதிவானவர்கள் 1,12,270 பேர்; 2020-இல் அதே மூன்று மாதங்களில் 51,760. மீதி அறுபதாயிரத்துச் சொச்சம் பேரை, கொரோனா வந்துவிட்டது, நமக்கென்ன வேலை என்று புற்றுநோய் விட்டுவிட்டதா? அறுவை சிகிச்சை நான்கு வாரம் தள்ளிப்போனாலே இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் கூடுகிறது என்கின்றன ஆய்வுகள். இங்கே நோய் இருப்பது தெரியவே ஐந்து மாதம்.

ஊரடங்கில் எதுவும் முடியாது என்றும் சொல்லாதீர்கள். 2020 மே மாதம் டாஸ்மாக் திறந்தபோது ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் காலையில், நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மதியம், இளவட்டங்களுக்கு அதற்குப் பிறகு என்று நேரம் பிரித்துக் கொடுத்தது இதே அரசு நிர்வாகம்தான். அந்தச் சாமர்த்தியத்தில் கால்வாசி, மார்பைப் படமெடுக்கும் மேமோகிராம் அறைக்கு வந்திருக்கக் கூடாதா? சரி, அதை விடுவோம்.

இப்போது மக்களைத் தேடி மருத்துவம் வீட்டு வாசலுக்கே வருகிறது. சந்தோஷம். ஆனால் தொற்று வந்த மறுநாளே அந்த ஊழியர்களைக் காய்ச்சல் கணக்கெடுக்க அனுப்பிவிடுவீர்கள் என்பதும் எங்களுக்குத் தெரியும்.

ஆகவே கேட்பது இதுதான். தொற்று வார்டாக மாற்றக் கூடாத ஓர் இடம் மாவட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். கட்டியைப் பார்க்கவும் பயாப்சி எடுக்கவும் அங்கே ஆள் இருக்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலைய நர்ஸ் எழுதித் தரும் துண்டுச் சீட்டே அங்கே போகப் பயண அனுமதியாகச் செல்லுபடியாக வேண்டும். இதை ஆணையாகப் போடுங்கள். அடுத்த ஒத்திகையில் ஒரு பெண்ணைக் கையில் எந்தக் காகிதமும் இல்லாமல் அனுப்பி, பயாப்சி மேசை வரை போய்ச் சேர முடிகிறதா என்றும் பாருங்கள். ஆணையின் நகலை எல்லா அரசு மருத்துவமனைகளிலும் ஓபி சீட்டு கவுன்டர் அருகே ஒட்டும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அந்தச் சித்தியின் அக்கா மகள்